உடைஞ்சா யார் ஸ்பேர் தருவா? மாடல் விமான உதிரி பாகங்களின் கதை

இந்த எபிசோட்ல ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறோம்: ஸ்பேர் பார்ட். அதுவும் பெரிய விமானத்தோட ஸ்பேர் இல்லை, ரிமோட்ல பறக்குற குட்டி விமானத்தோட ஸ்பேர்.

ஒரு ஆர்.சி. விமானம் என்ன விலைன்னு கேட்டா கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். உண்மையான விலை, அது முதல் தடவை மூக்கு குத்தி விழும்போதுதான் தெரியும். இந்த விளையாட்டுல விழாமல் கத்துக்கிட்டவங்க யாரும் கிடையாது. அப்போ கேள்வி இதுதான்: உடைஞ்ச பாகம் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மலிவாக் கிடைக்கும்? அன்னிக்கு சாயந்திரமே கிடைச்சா நாளைக்கும் பறப்பீங்க. மூணு வாரம் கழிச்சு, ஒரு மாசக் கைச்செலவை விழுங்கிட்டு வந்தா, விமானம் பரண் மேல போயிடும். யார் பறக்கக் கத்துக்கலாம், யார் கத்துக்க முடியாதுன்னு முடிவு செய்தது பெரும்பாலும் இந்த உதிரி பாகம்தான்.

நான் படிச்சது பெரம்பலூர்ல. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் விளையுற வறண்ட பூமி. கிழக்கே கொஞ்ச தூரம் போனா அரியலூர்: சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, முந்திரிக்காடு. இந்த ரெண்டு ஊரோட கண்ணாலதான் இந்த வரலாற்றைப் பார்க்கப் போறேன்.

உடைந்த பொம்மையில் தொடங்கிய கதை

1871-ல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு மாடல் விமானத்தைப் பறக்க விட்டார். முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். 11 விநாடி பறந்தது. அதே ரப்பர் முறுக்கை வைத்து அவர் ஒரு பொம்மை ஹெலிகாப்டரும் வடிவமைத்திருந்தார். அந்த வகைப் பொம்மை ஒன்றை 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்கு வாங்கிட்டு வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் பேண்ட், அவ்வளவுதான். பிள்ளைகள் பெயர் வில்பர், ஆர்வில். வயசு 11, 7. ஆமாம், ரைட் சகோதரர்கள்தான்.

பொம்மை உடைஞ்சுது. பசங்க தாங்களே இன்னொண்ணு செய்தாங்க. அப்புறம் அதைவிடப் பெருசா ஒண்ணு, இன்னும் பெருசா ஒண்ணு. பெருசாக்க ஆக்க அது பறக்க மறுத்தது. பின்னாளில், 1908-ல் எழுதிய கட்டுரையில் காரணத்தைச் சொன்னாங்க: நீள அகலத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா, சக்தி எட்டு மடங்கு வேணும். சின்ன வயசுல அது அவங்களுக்குத் தெரியாது. ஆனா அந்தப் புதிர் மனசுல உட்கார்ந்தது, உடைஞ்சதைத் தங்கள் கையால திரும்பச் செய்ததாலதான். புதுப் பொம்மை உடனே கடையில கிடைச்சிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நூல் கட்டிப் பறந்த இந்தியா

1937-ல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' என்ற மாடல் விமானத்தை ரேடியோவால் கட்டுப்படுத்திப் பறக்க விட்டாங்க. ஒருத்தர் விமானம் கட்டுறவர், இன்னொருத்தர் அமெச்சூர் ரேடியோக்காரர். அந்த விமானம் இன்னிக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

இந்தியாவில் அது அவ்வளவு சீக்கிரம் வரலை. காரணம் பணம் மட்டும் கிடையாது. 1933-ஆம் வருஷ வயர்லெஸ் சட்டப்படி வயர்லெஸ் கருவி வெச்சிருக்கவே லைசன்ஸ் வேண்டியிருந்தது. நம்ம தாத்தா காலத்துல வீட்டு ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி லைசன்ஸ் வாங்கணும். சிக்னல் அனுப்புற கருவின்னா கேட்கவே வேண்டாம். வெளிநாட்டுப் பொருள் எதை இறக்குமதி செய்யவும் கட்டுப்பாடு. பால்சா மரம் ஈக்வடார்லேருந்து வரணும்.

அதனால இங்க வேரூன்றினது கன்ட்ரோல் லைன். விமானத்தோட இறக்கையிலிருந்து ரெண்டு மெல்லிய கம்பி உங்க கைப்பிடிக்கு வரும். நீங்க நடுவில நின்னு சுத்துவீங்க, விமானம் உங்களைச் சுத்தி வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்ச்சா மேல ஏறும், இறங்கும். ரேடியோ வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். என்.சி.சி. ஏர் விங்ல ஏரோமாடலிங் பயிற்சியில ஒரு பகுதி. பல இந்திய மாணவர்கள் முதல்முதலா ஒரு மாடல் எஞ்சினைத் தொட்டது அங்கதான்.

அந்த எஞ்சின்ல நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் இருக்கு. சின்ன மாடல் டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூணும் ஏறக்குறைய சம பங்கு. குளோ எஞ்சின்ல மெத்தனாலோட விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெய் அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டுப் பிரியாது. அதனாலதான் முதல் உலகப்போர் காலத்து விமான எஞ்சின்களும் அதையே குடிச்சன. பாட்டி வயித்துக்குக் கொடுத்த எண்ணெய்தான் விமானத்துக்கும் போச்சு.

எஞ்சினையும் இங்கயே செய்யணும்னு முயன்றவங்க இருந்தாங்க. கல்கத்தாவின் 'இந்தியாஸ் ஹாபி சென்டர்' 'அரோரா' என்ற பெயரில் மாடல் எஞ்சின்கள் செய்து விற்றது. உள்நாட்டில் செய்த எஞ்சின்னா, உடைஞ்ச பாகத்துக்குக் கப்பல் எதிர்பார்க்க வேண்டாம்.

குப்பையில் கிடந்த மோட்டார்

அடுத்த பெரிய திருப்பம் 2000-க்குப் பிறகு. நடந்தது ஃபேக்டரியில இல்லை, மேஜை டிராயர்ல.

அப்போ மின்சார விமானத்துக்கு ரெண்டு வகை மோட்டார். ஒண்ணு, பொம்மைக் கார்ல இருக்குற பிரஷ் மோட்டார். மலிவு, ஆனா பலம் போதாது, பிரஷ் தேயும். இன்னொண்ணு பிரஷ்லெஸ் மோட்டார். பலம், ஆயுள் ரெண்டும் உண்டு, விலைதான் எட்டாது. அந்த நேரத்துல ஐரோப்பா, அமெரிக்காவின் பொழுதுபோக்கு விமானிகள் ஒண்ணைக் கவனிச்சாங்க. கெட்டுப்போன சி.டி. டிரைவ்ல தட்டைச் சுழற்றுறதே ஒரு குட்டி பிரஷ்லெஸ் மோட்டார்தான்! உலகம் பூரா சி.டி. டிரைவ் குப்பைக்குப் போய்க்கிட்டிருந்த காலம் அது.

அதைப் பிரிச்சா உள்ளே ஒரு ரூபா நாணயம் சைஸ்ல ஒரு ஸ்டேட்டர் இருக்கும். 9 பல்லு. ஒவ்வொரு பல்லிலும் தலைமுடி மாதிரி கம்பி. அந்தக் கம்பியை உருவிட்டு, தடிமனான எனாமல் கம்பியைக் குறைவான சுற்று சுத்தணும். சுற்று குறைஞ்சா வேகம் கூடும், கரண்டும் கூடும். வெளிக் கிண்ணத்துல இருக்குற பலவீனமான காந்த வளையத்தை எடுத்துட்டு, 12 நியோடிமியம் காந்தத்தை வடக்கு, தெற்கு மாத்தி மாத்தி ஒட்டணும். மூணு கம்பி வெளியே வரும். ஸ்டார்ல சேர்க்கலாம், டெல்டாவுல சேர்க்கலாம். முடிஞ்சுது. கடையில எட்டாத விலைக்கு இருந்த மோட்டார், குப்பை விலைக்குத் தயார்.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது பெரம்பலூர் கடைத்தெருதான். கிணறும் போர்வெல்லும் நம்பி விவசாயம் நடக்குற ஊர்ல மோட்டார் காயில் கட்டுற கடை இல்லாத வீதி இருக்குமா? பம்ப்செட் எரிஞ்சா வெங்காயம் காயும். அதனால அந்தக் கடைக்காரருக்கு இருக்குற கைப்பழக்கம் சாதாரணமானது இல்லை. சப்மெர்சிபிளுக்கு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, ஃபேனுக்கும் மோனோபிளாக்குக்கும் எனாமல் கம்பி, எத்தனை சுற்று, எந்த கேஜ், எல்லாம் விரல் நுனியில்.

படிக்கும்போது ஒரு சி.டி. மோட்டார் ஸ்டேட்டரை எடுத்துக்கிட்டு அப்படி ஒரு கடைக்குப் போனேன். அண்ணன் அதை உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டு, "என்ன தம்பி, எலிக்குட்டிக்கு பம்ப்செட்டா?"ன்னு சிரிச்சார். விமானத்துக்குன்னேன். சிரிப்பு நின்னுடுச்சு. அடுத்த கேள்வி: "எத்தனை வோல்ட்டு? ஸ்டாரா, டெல்டாவா?" மூணு ஃபேஸ்னு நான் சொல்லவே இல்லை. மூணு கம்பியைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். நாங்க வகுப்புல ஒரு செமஸ்டர் பூரா படிச்ச பாடம், அவர் வாயிலேருந்து ஒரே கேள்வியா வந்தது. காயிலைக் கட்டிக் கொடுத்துட்டு, ஓரங்கள்ல கம்பியோட எனாமல் உரியாம இருக்கணும்னு ஸ்டேட்டர் பல்லுக்கு வார்னிஷ் தடவச் சொன்னதும் அவர்தான்.

உதிரி பாகம் செய்யுற அறிவு நம்ம ஊர்ல எப்பவுமே இருந்திருக்கு. அது விமானம் படிக்கிற பசங்களோட பேசிக்கிட்டதுதான் குறைவு.

ஒவ்வொரு பாகமா பார்ப்போம்

இங்க கொஞ்சம் நின்னு நிதானமாப் போகலாம். விழுந்தா எது உடையும், அதுக்கு நம்ம தெருவுல என்ன இருக்கு?

இறக்கை. அமெரிக்காவில் விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துற நெளிவு பிளாஸ்டிக் அட்டையில விமானம் கட்டுற ஒரு கூட்டமே உண்டு. தேர்தல் முடிஞ்சதும் பலகைகளைச் சேகரிப்பாங்களாம். நம்ம ஊர்ல அதுக்குப் பெயர் சன்பேக் ஷீட். வெட்டும்போது உள்குழாய் வரிகள் இறக்கையின் நீளவாக்குல ஓடணும். அப்பத்தான் அதுவே முதுகெலும்பு ஆகும். குறுக்கே வெட்டினா மடிஞ்சிடும். இதுல பசை சுலபமாப் பிடிக்காது, டேப்பும் கட்டும்தான் நம்பிக்கை. எடையும் கூட. எடை குறையணும்னா தெர்மாகோல். அதுல ஃபெவிக்விக் விட்டா கரைஞ்சு பள்ளம் விழும், ஃபெவிகால்தான் சரி, காய ஒரு ராத்திரி பொறுக்கணும்.

புஷ்ராட். சர்வோ மோட்டாரையும் வால் துடுப்பையும் இணைக்கிற கம்பி. சைக்கிள் போக்ஸ் கம்பி இதுக்குன்னே செய்த மாதிரி இருக்கும்: நேரானது, ஒரு முனையில மரை ஏற்கெனவே இருக்கு. ஆனா கணக்குப் போடுங்க. 2 மில்லிமீட்டர் தடிமன், 26 சென்டிமீட்டர் நீளம்னா ஏறக்குறைய 6 கிராம். அதை இழுக்குற குட்டி சர்வோவே 9 கிராம்தான். ரெண்டு போக்ஸ் போட்டா சர்வோவைவிடக் கம்பி கனம், வால் தொங்கும். அதனால சின்ன விமானத்துக்கு மூங்கிலைச் சீவி, ரெண்டு முனையில மட்டும் மெல்லிய கம்பியை நூலால் கட்டுறது நல்லது. பெரிய விமானத்துக்கு போக்ஸ்.

சக்கரம். இதை நான் சொல்லித் தரணுமா? தேய்ஞ்ச ஹவாய் செருப்பை வட்டமா வெட்டி வண்டி ஓட்டாத பிள்ளை தமிழ்நாட்டுல உண்டா? லேசானது, அதிர்ச்சி தாங்கும். பெரம்பலூர் பக்கத்துல எறையூர்ல இப்போ காலணித் தொழிற்சாலையே வந்தாச்சு.

சர்வோ. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். விமானம் விழுந்தா துடுப்பு அடி வாங்கி பல்லு போகும். இன்னிக்கு 9 கிராம் சர்வோ நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்குது. ஆனாலும் செத்ததைத் தூக்கிப் போடாதீங்க. ஒண்ணுல மோட்டார் எரிஞ்சிருக்கும், இன்னொண்ணுல பல்லு போயிருக்கும். ஒரே மாடலா இருந்தா ரெண்டு செத்த சர்வோவிலிருந்து ஒண்ணு பிழைக்கும்.

ப்ரொப்பெல்லர். அதிகம் உடையுறது இதுதான். உடையாம இருக்க ஒரு எளிய வழி இருக்கு: போல்ட் போட்டு இறுக்காம, மோட்டார் தண்டில் ரெண்டு ஸ்க்ரூ வெச்சு ரப்பர் வளையத்தால கட்டுறது. தரையில பட்டா ப்ரொப்பெல்லர் மடங்கித் துள்ளும், உடையாது. வளையம் சைக்கிள் ட்யூபை வெட்டினாலே கிடைக்கும். வெயிலில் ரப்பர் வெடிக்கும், அதனால ஒவ்வொரு நாளும் புது வளையம்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது

இவ்வளவு சொல்லிட்டு இதைச் சொல்லாம விடக் கூடாது. ப்ரொப்பெல்லரை வீட்டுல செய்யாதீங்க, உடைஞ்சதை ஒட்டாதீங்க. 10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுத்தினா, அதோட நுனி மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் வேகத்துல போகும். அதிலிருந்து தெறிக்கிற துண்டுக்கு எதிரே நிக்கிறது உங்க கண்ணு.

3டி பிரின்டர் வந்த பிறகு இந்த ஆசை கூடியிருக்கு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குற முறைக்கான முக்கியக் காப்புரிமை 2009-ல் காலாவதியானது. அதுக்கு முன்னாடியே, 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 'ரெப்ராப்' என்ற திறந்த திட்டத்தைத் தொடங்கியிருந்தார். தன் பாகங்களையே அச்சடிக்கிற இயந்திரம், அதாவது ஸ்பேர் பார்ட்டுக்கான ஸ்பேர் பார்ட். மலிவு பிரின்டர்கள் எல்லாத்துக்கும் அதுதான் வேர். ஆனா அடுக்கு அடுக்கா ஏறுற பாகம் அந்த அடுக்கு வரியிலேயே பிளக்கும். ப்ரொப்பெல்லருக்கு ஆகாது. இன்னொண்ணு, அதிகம் விற்கிற பி.எல்.ஏ. இழை சுமார் 60 டிகிரியில இளகும். சித்திரை வெயில்ல பெரம்பலூர் மைதானத்துல நிறுத்தின காருக்குள்ள அந்தச் சூடு வரும். அதுல செய்த மோட்டார் தாங்கி கோணிடும். குளிர் நாட்டுக்காரர் சொல்ற செய்முறையை அப்படியே எடுத்துக்கக் கூடாதுங்கறதுக்கு இது ஒரு பாடம்.

சட்டம் மூடியதும் திறந்ததும்

2005-ல் இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசன்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. வைஃபைக்காகத்தான் பலருக்கு ஞாபகம். ஆனா ஆர்.சி. ரிமோட்டுகளும் அதே அலைவரிசைக்குத்தான் மாறின. 1933-ல் போட்ட பூட்டு இப்படித்தான் இந்த விளையாட்டுக்குத் திறந்தது.

2014 அக்டோபர் 7-ஆம் தேதி இன்னொரு பூட்டு. விதிமுறை வரும் வரை தனியார் யாரும் எந்த நோக்கத்துக்காகவும் ஆளில்லா விமானம் பறக்க விடக் கூடாதுன்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவிச்சது. கல்லூரி மைதானத்துல பறந்ததெல்லாம் சட்டத்தின் நிழலுக்குப் போச்சு. 2018-ல் விதிமுறை வந்தது. 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள்தான் மூச்சு விட இடம் கொடுத்தது. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வை தூரத்துக்குள் பறக்குற, 25 கிலோவுக்கு மிகாத மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லைன்னு அது சொல்லுது. சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் எதுன்னு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பார்த்துட்டுப் பறக்கணும்.

2022 பிப்ரவரி 9-ல் அடுத்த முடிவு: முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, உதிரி பாகங்களுக்கு அனுமதி. யோசிச்சுப் பாருங்க. நாட்டோட கொள்கையே இப்போ ஸ்பேர் பார்ட்டைச் சுத்தித்தான் நிக்குது. உடம்பை இங்க கட்டணும். மோட்டாரையும் அதை ஓட்டுற எலெக்ட்ரானிக்ஸையும் வெளியிலிருந்து வாங்கலாம். எவ்வளவு காலம் வாங்குவோம்ங்கறதுதான் பாக்கிக் கேள்வி.

அரியலூருக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிம விதிகள்படி, வருஷத்துக்கு 10 லட்சம் டன்னோ அதுக்கு மேலோ தோண்டுற, அல்லது 50 ஹெக்டேரோ அதுக்கு மேலோ குத்தகை உள்ள சுரங்கங்கள் ஆண்டுதோறும் ட்ரோன் படம் எடுத்துக் கொடுக்கணும். சிமென்ட் ஆலைகளுக்கான பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்குற ஊருக்கு இது நேரடி வேலை. சுண்ணாம்புத் தூசியில பறக்குற ட்ரோனுக்கு பேரிங் தேயும், மோட்டார் சூடாகும், ப்ரொப்பெல்லர் ஓரம் உதிரும். அதைச் சரிபார்க்க எங்கே அனுப்புவீங்க? சென்னைக்கா, பெங்களூருக்கா, இல்ல பெரம்பலூர் கடைத்தெருவுக்கா?

கடைசியா ஒரு விஷயம்

தமிழ்நாட்டுல இந்தத் துறைக்கு ஒரு பெரிய முகவரி குரோம்பேட்டை எம்.ஐ.டி. அப்துல் கலாம் படிச்ச கல்லூரி. அங்க உருவான தக்ஷா குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தது உங்களுக்கு நல்லாத் தெரியும். அவரே ஒரு ஏரோமாடலர். அந்தச் செய்தி நிறையப் பசங்களை வானத்தைப் பார்க்க வெச்சது. சந்தோஷம்.

ஆனா சின்ன ஊர்க் கல்லூரிகளோட நிலைமை வேற. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல கட்டி முடிச்ச ட்ரோனையே காசு கொடுத்து வாங்கி, மேஜை மேல வெச்சு மார்க் வாங்குறவங்க உண்டு. மேஜை மேல இருக்குற ட்ரோன் விழாது. விழாததால உடையாது. உடையாததால அதுக்குள்ள என்ன இருக்குன்னு அந்த மாணவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. வீட்டுல நகையை வெச்சுக் கட்டின ஃபீஸுக்கு இதுவா கிடைக்கணும்? நாளைக்குச் சுரங்கத்துல ட்ரோன் நின்னு போனா, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிற பட்டதாரியும், ட்ரோனையே பார்த்திராத காயில் கடை அண்ணனும் ஒரே ஊர்ல, ஒருத்தரை ஒருத்தர் தெரியாம இருப்பாங்க.

இந்த ரெண்டு மாவட்டமும் 1995 வரைக்கும் திருச்சியோட இருந்தது. அந்த வருஷம் பெரம்பலூர் தனியா வந்தது. 2001-ல் அரியலூர் பிரிஞ்சது, 2002-ல் திரும்பச் சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிஞ்சது. பிரிச்சு மாட்டுறது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை, விமானத்தையும் அப்படிச் செய்ய வேண்டியதுதான்.

உங்க கல்லூரியில ஏரோ கிளப் இருந்தா, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. எரிஞ்ச மோட்டார் ஒண்ணை எடுத்துக்கிட்டு பக்கத்துக் காயில் கடைக்குப் போய், "அண்ணே, இதைப் பார்க்க முடியுமா?"ன்னு கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.